மின்னஞ்சலில் வந்த கதைகள்: எழுதியவள் எங்கே?

பத்திரிகையில் வரும் ஒரு சின்னப் பகிடித் துணுக்குக்குக் கீழே கூட அதை அனுப்பியவரின் பெயரும் ஊரும் இருக்கும். மின்னஞ்சல் மூலம் உலகம் சுற்றிய கதைகளுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சிரிக்க வைக்கும் கதைகள், அழ வைக்கும் கதைகள், "சிந்தனைக்கு" என்ற தலைப்போடு வரும் குட்டிக் கதைகள் என்று அவை ஆயிரக்கணக்கில் வந்தன. ஒருவரிடமிருந்து பத்துப் பேருக்கு, பத்துப் பேரிடமிருந்து நூறு பேருக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் வரிகளுக்கு முன்னால் ஓர் அம்புக்குறி கூடும். பத்துக் கை மாறிய கதையை வாசிப்பதென்றால் வேலிக்குள்ளால் ஆடு நுழைவது போல அந்த அம்புக்குறிகளை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எல்லா அம்புக்குறிகளையும் தாண்டிப் போனாலும் எழுதியவர் அங்கே இருக்க மாட்டார்.

எங்கள் கந்தோரில் இவ்வாறான கதைகளை அச்செடுத்துச் சேர்த்த கோவை ஒன்று இருக்கிறது. 2002 முதல் 2010 வரை எனக்கு முன் வேலை செய்த உத்தியோகத்தர்கள் சேர்த்தது. மாதர் சங்கக் கூட்டமோ, சுயஉதவிக் குழுவோ, தையல் வகுப்போ, எதைத் தொடங்குவதென்றாலும் அதிலிருந்து ஒரு கதையை எடுத்து வாசிப்பது இங்கே வழக்கம். ஏழு வருடங்களாக நானும் அந்தக் கதைகளைப் பெண்களுக்கு வாசித்து வருகிறேன். கதைகளை விட அவர்கள் சொன்ன பதில்கள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன.

பெயர் இல்லாத எழுத்தைக் கைமாற்றும் பழக்கம் மின்னஞ்சலோடு பிறந்ததல்ல. "பத்துப் பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் கேடு வரும்" என்று தபாலட்டையில் வந்த சாமிக் கடிதங்களை எங்கள் அம்மாமார் அறிவார்கள். மதீனாவில் ஷேக் ஒருவர் கண்ட கனவு என்று வந்த கடிதத்தை முஸ்லிம் சகோதரிகள் அறிவார்கள். போட்டோப் பிரதி இயந்திரம் வந்த காலத்தில் அமெரிக்கக் கந்தோர்களில் ஊழியர்கள் மேலதிகாரியின் கண்ணில் படாமல் பகிடித் தாள்களைப் பிரதி எடுத்துப் பரிமாறிக்கொண்டார்கள். அலன் டண்டஸ் என்ற நாட்டாரியல் பேராசிரியரும் கார்ல் பக்டர் என்பவரும் அத்தாள்களைத் தொகுத்து 1975இல் ஒரு நூலாகவே வெளியிட்டனர். நாட்டார் வழக்காறு என்றால் தாலாட்டும் ஒப்பாரியும் என்றே எண்ணியிருந்த எனக்குப் பல்கலைக்கழகத்தில் இதைக் கேட்டபோது பெரிய புதினமாக இருந்தது.

1996இல் ஹொட்மெயில் இலவசமாக மின்னஞ்சல் தரத் தொடங்கிய பின்னர் பிரதி எடுக்கும் செலவும் இல்லாமற் போயிற்று. எங்கள் பக்கத்தில் நெற் கபேக்களில் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து வாசித்தார்கள். கதைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்ததற்கு எங்கள் மோகம் மட்டும் காரணமல்ல. தமிழில் அனுப்பினால் பெறுபவரின் கணனியிலும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். பாமினியில் "அம்மா" என்று எழுதி அனுப்ப, மறுபக்கத்தில் அது இல்லாவிட்டால், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விழும். அம்மாவே தெரியாத இடத்தில் தாய்ப்பாசக் கதையை எப்படி அனுப்புவது!

கோவையைத் திறந்தால் முதலில் வருவது பகிடிகள்தான். அவற்றில் பாதிக்கு மேல் கணவன் மனைவிப் பகிடிகள். ஒன்றைச் சொல்கிறேன்.

நியூயோர்க் நகரில் கணவன்மாரை விற்கும் கடையொன்று திறக்கிறார்களாம். ஆறு மாடிகள். ஒரு பெண் ஒரு தடவைதான் போகலாம். மேலே ஏறலாம், ஆனால் விட்டுவந்த மாடிக்குத் திரும்பி வந்து எடுக்க முடியாது. முதலாம் மாடியில் வேலை உள்ள ஆண்கள். இரண்டாவதில் வேலையும் உண்டு, பிள்ளைகளில் பிரியமும் உண்டு. மூன்றாவதில் அவற்றோடு அழகும் சேரும். நான்காவதில் இருப்பவர்கள் வீட்டு வேலையிலும் கைகொடுப்பார்கள். ஐந்தாவதில் இவ்வளவோடு கனிவும் காதலும். "ஐந்திலே இப்படியென்றால் ஆறிலே எப்படியோ" என்று அவள் ஏறிப் போகிறாள். அங்கே ஆண்கள் எவரும் இல்லை. பெண்களைத் திருப்திப்படுத்த முடியாது என்பதை நிரூபிக்கவே இந்த மாடி கட்டப்பட்டது, வந்ததற்கு நன்றி என்று ஒரு பலகை மட்டும் தொங்குகிறது.

எங்கள் கோவையில் கதை இத்துடன் முடிகிறது. ஆனால் இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. எதிர்த்தெருவில் மனைவிமாரை விற்கும் கடையையும் திறந்தார்களாம், அதற்கும் ஆறு மாடிகள். (முதலாம் மாடியில் என்ன இருந்தது என்பதை இந்தச் சஞ்சிகையில் எழுத முடியாது.) இரண்டாம் மாடியில் அதோடு பணமும் இருந்தது. மூன்றாம் மாடிக்கு மேல் இன்றுவரை எந்த ஆணும் ஏறிப் பார்க்கவில்லை! இந்தப் பாதி எந்தக் கையில் வெட்டுப்பட்டதோ தெரியாது. நான் இரண்டையும் சேர்த்தே வாசிப்பேன். தையல் வகுப்பில் ஒரு முறை, "எங்கடை ஊரிலை அந்த ரெண்டாம் மாடியைத்தான் மிஸ் முதலாம் மாடியாக் கட்டி வைச்சிருக்கினம், சீதனம் எண்டு பேர்" என்றார் ஒரு பிள்ளை. "நாலாம் மாடியிலை நிக்கிறவையை ஆரும் கண்ணாலை கண்டிருக்கிறியளோ?" என்று கேட்டார், மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்கா. அன்று வகுப்புத் தொடங்க அரைமணித்தியாலம் பிந்தியது.

கணனிக் கம்பனிக்கு எழுதிய முறைப்பாடு என்ற பகிடிக்கும் இவ்வாறே இரண்டு பக்கம் உண்டு. "காதலி 7.0 என்ற மென்பொருளை நீக்கி மனைவி 1.0 போட்டேன், அன்றிலிருந்து மற்ற எல்லா வேலையும் நின்றுவிட்டது" என்று ஓர் ஆண் எழுதுவான். "காதலன் 5.0 இருந்தபோது பூவும் நகையும் ஒழுங்காக வேலை செய்தன. கணவன் 1.0 வந்தபின் அவை அழிந்து, கிரிக்கட் தானாகவே பதிவாகிவிட்டது. சம்பாஷணை 8.0 ஓட மறுக்கிறது" என்று ஒரு பெண் எழுதுவாள். இரண்டில் எது முந்தியது என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. யாரோ ஒருத்தி ஏதோ ஒரு கந்தோரில் முதலாவதை வாசித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்காமல், உடனே இருந்து இரண்டாவதைத் தட்டியிருக்கிறாள் என்றே நான் எண்ணிக்கொள்கிறேன். பகிடிக்குப் பகிடியால் பதில் சொல்ல அவளுக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. மேடையோ அச்சகமோ அவளுக்கு இந்த வசதியைக் கொடுத்திருக்காது.

நல்ல மனைவிக்கான வழிகாட்டி என்று ஒன்று வந்தது. 1955 மே மாதத்து ஆங்கிலப் பெண்கள் இதழ் ஒன்றில் வெளிவந்தது என்ற குறிப்போடு இன்றும் அது சுற்றுகிறது. கணவன் வருமுன் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும், தலையில் ரிபன் கட்டியிருக்க வேண்டும், பிள்ளைகளின் முகம் கழுவியிருக்க வேண்டும், அவர் இரவு முழுக்க வராவிட்டாலும் ஏன் என்று கேட்கக் கூடாது! இதை அனுப்புபவர்களில் ஒரு சாரார் "அந்தக் காலத்துக் கொடுமையைப் பாருங்கள்" என்று அனுப்புவார்கள். மற்றச் சாரார் "அந்தக் காலம் எவ்வளவு நல்லது" என்று அனுப்புவார்கள். அப்படியொரு கட்டுரை அந்த இதழில் அச்சானதற்கான ஆதாரம் இதுவரை வெளிவரவில்லை. அது ஒரு பகிடிக்காரரின் கைவேலை என்றே பலரும் கருதுகின்றனர். எங்கள் கிராமத்துப் பெண்களோ அதை 1955 என்று நம்பவேயில்லை. "இது எங்கடை மாமி சொன்னதெல்லோ?" என்றார்கள்.

இனி அழுகைக் கதைகளுக்கு வருகிறேன். சிந்தனைக் கதைகள் என்று பெயர் பெற்றவற்றில் அநேகம் அழுகைக் கதைகள்தான்.

ஒற்றைக்கண் தாயின் கதையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கொரியாவில் நடந்ததாக வரும். தாய்க்கு ஒரு கண் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் சமைத்து மகனைப் படிப்பிக்கிறாள். அவனுக்கோ அவளைக் கண்டாலே வெட்கம். படித்து, முடித்து, சியோலில் வீடு வாங்கி, பிள்ளைகளும் பெற்றபின் ஒருநாள் அவள் வாசலில் வந்து நிற்கிறாள். "நீ யார், போ" என்று விரட்டுகிறான். அவள் பிழையான வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று சொல்லிப் போய்விடுகிறாள். அவள் இறந்தபின் ஒரு கடிதம் கிடைக்கிறது: சின்ன வயதில் விபத்தில் நீ இழந்த கண்ணுக்குப் பதிலாக என் கண்ணைத்தான் தந்தேன் மகனே!

இதை எங்கே வாசித்தாலும் அழாமல் ஒருவரும் இருப்பதில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே "சரிதான் பிள்ளை, தாய் எண்டால் அப்பிடித்தான்" என்பார்கள். ஒரு கூட்டத்தில் மட்டும், நான்கு பிள்ளைகளை வளர்த்த ஓர் அம்மா அழவில்லை. "கண்ணைக் குடுத்தவ சரி, வாயையும் சேர்த்து ஏன் குடுத்தவ? அண்டைக்கே வாசல்லை நிண்டு சொல்லியிருக்கலாமெல்லோ" என்றார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பிள்ளைகளிடம் எதைச் சொல்லாமல் விட்டோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தபோது பட்டதைப் பிள்ளைக்குச் சொல்லாதவர், நகையை விற்றதைச் சொல்லாதவர், சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னவர். கதை கொண்டாடியது அந்த மௌனத்தைத்தான். அந்த அம்மா அதை ஒரு கேள்வியாக்கினார்.

மற்றொன்று மனைவியைத் தூக்கிய கணவனின் கதை. அவனுக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு. விவாகரத்துக் கேட்கிறான். மனைவி ஒரு நிபந்தனை விதிக்கிறாள்: கலியாணத்தன்று தூக்கி வந்தது போல ஒரு மாதம் தினமும் காலையில் என்னை அறையிலிருந்து வாசல்வரை தூக்கிச் செல்ல வேண்டும். தூக்கத் தூக்க அவனுக்குப் பழைய அன்பு திரும்புகிறது. கடைசி நாள் பூச்செண்டோடு ஓடி வருகிறான். அவள் கட்டிலில் இறந்து கிடக்கிறாள். பல மாதமாகப் புற்றுநோயோடு இருந்திருக்கிறாள், அவனுக்கு அது தெரியாது. "நாளுக்கு நாள் அவ பாரம் குறைஞ்சது தெரிஞ்சவனுக்கு வருத்தம் தெரியேல்லையோ? நல்ல தூக்கல்!" என்று ஒரு பெண் சொன்னதும் அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

இந்தக் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் ஒரு விடயம் புலப்படும். பகிடிகளில் மனைவி வாய் ஓயாதவள், கடன் அட்டையைத் தேய்ப்பவள், திருப்தியே இல்லாதவள். சிந்தனைக் கதைகளில் அவளே வாய் திறவாதவள், தனக்கென ஒன்றும் கேளாதவள், கடைசியில் செத்துப் போகிறவள். இரண்டுக்கும் நடுவில், காலையில் எழும்பிச் சம்பல் இடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சம்பளத்துக்கு வேலைக்கும் போய், இடையில் ஒரு சண்டையும் போட்டு, பின்னேரம் சிரிக்கும் பெண் இந்தக் கோவையில் எங்குமே இல்லை. உயிரோடு இருக்கும்போது அவள் பகிடி, இறந்தபின் படிப்பினை. சமூகவியல் வகுப்பில் சமூகமயமாக்கல் என்று பெரிய சொல்லால் படித்தோம். அது இப்படித்தான், ஒரு பக்கக் கதையாக, சிரிப்போடும் கண்ணீரோடும் உள்ளே இறங்குகிறது.

கரட், முட்டை, கோப்பிக் கதை எனக்கு ஒரு வழக்கோடு சேர்ந்தே ஞாபகம் வருகிறது. வாழ்க்கை கஷ்டமாக இருக்கிறது என்று அழும் மகளுக்குத் தாய் மூன்று பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துக் காட்டுகிறாள். கொதிநீரில் உறுதியான கரட் குழைந்து போகிறது, நொய்மையான முட்டை இறுகிப் போகிறது, கோப்பியோ தண்ணீரையே மணமுள்ளதாக மாற்றிவிடுகிறது. மகளே, நீ கோப்பியாக இரு. நல்ல கதைதான், பயிற்சிப் பட்டறைகளில் வளவாளர்கள் விரும்பிச் சொல்வது. ஒரு கூட்டத்தில் இதை வாசித்து முடித்ததும், எப்போதும் பின்வரிசையில் இருந்து ஒன்றும் பேசாமல் போகிற ஒரு பெண் கேட்டார்: "அடுப்பை நூர்க்கேலாதோ மிஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூன்று மாதத்தின் பின் அவர் தனியாகக் கந்தோருக்கு வந்தபோதுதான் அந்தக் கேள்வி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது விளங்கியது. எங்கள் நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பெறலாம், விசாரணையின் பின் 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளை பெறலாம். இதனால் அடுப்பு முற்றாக நூர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அவரும் சொல்லவில்லை. ஆனால் நெருப்பைக் குறைப்பதற்கென்று ஒரு சட்டம் இருக்கையில் கோப்பியாக மாறு என்று ஒரு பெண்ணுக்குச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. இப்போது அந்தக் கதையை வாசிக்கும்போது அவருடைய கேள்வியையும் அதன் முடிவில் சேர்த்துத்தான் வாசிக்கிறேன்.

தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு நட்சத்திர மீன் கதை வேதம் போல. கடற்கரையில் ஆயிரக்கணக்கில் ஒதுங்கிக் கிடக்கும் நட்சத்திர மீன்களை ஒரு சிறுவன் ஒவ்வொன்றாய்த் தூக்கிக் கடலில் எறிகிறான். இத்தனை ஆயிரத்தில் நீ எறிவதால் என்ன மாறப்போகிறது என்று ஒரு பெரியவர் கேட்கிறார். கையிலிருக்கும் இந்த ஒன்றுக்கு மாறும் என்கிறான் சிறுவன். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில் இதை வாசித்தேன். கடல் எதை ஒதுக்கும், எதை எடுக்கும் என்று 2004 டிசம்பரில் கண்டவர்கள் அவர்கள். "உயிரோடை இருக்கிறதையும் செத்ததையும் பிரிச்சுப் பார்த்தோ எறிஞ்சவன்?" என்றார் ஒருவர். "அந்தப் பெடியனுக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று கேட்டார் இன்னொருவர். பாடசாலை இடைவிலகலைப் பற்றிப் பேசவே அன்று நான் போயிருந்தேன் என்பதால் எனக்கு வேலை சுலபமாயிற்று.

இந்தக் கதைக்கு ஆசிரியர் உண்டு. லோரன் ஐஸ்லி என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் இது வருகிறது. அங்கே மீன் எறிபவன் சிறுவனல்ல, வளர்ந்த ஆண். கரையில் சேகரிப்பதற்கு வந்தவர்கள் சிப்பிகளையும் உயிர்களையும் அள்ளிப்போய் அவித்துச் சுத்தம் செய்கிறார்கள். எழுத்தாளர் முதலில் நம்பிக்கையில்லாமல் விலகிப் போகிறார், பிறகுதான் திரும்பி வந்து தானும் எறிகிறார். மின்னஞ்சல் அந்தத் தயக்கத்தையும் அவிக்கும் பாத்திரங்களையும் கழற்றிவிட்டு ஒரு சிறுவனையும் ஒரு வசனத்தையும் மட்டும் வைத்துக்கொண்டது.

ஐஸ்லிக்கு நடந்ததை விடப் பெண் எழுத்தாளர்களுக்கு நடந்தது மோசம். சிக்காகோ டிரிபியூன் பத்திரிகையின் பத்தி எழுத்தாளர் மேரி ஷ்மிக், 1997 ஜூன் 1ஆம் திகதி வெளிவந்த பத்தியில், பட்டம் பெறும் இளைஞர்களுக்கு ஆற்றுவது போல ஒரு கற்பனை உரையை எழுதினார். வெயிலுக்குப் பூசும் கிறீமைப் பூசிக்கொள்ளுங்கள் என்று தொடங்கும் அந்த உரை பகிடியும் அறிவும் கலந்தது. ஓரிரு மாதத்தில் அது மின்னஞ்சலில் உலகமெல்லாம் போயிற்று. ஆனால் அவருடைய பெயரில் அல்ல. புகழ்பெற்ற நாவலாசிரியர் கேர்ட் வொனெகட், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை என்று. அந்த ஆண்டு அங்கே உரையாற்றியவர் வொனெகட்டும் அல்ல, ஐ.நா. செயலாளர் நாயகமாயிருந்த கொபி அனான்! வொனெகட்டின் மனைவியே அது தன் கணவர் பேசியது என்று எண்ணிப் பலருக்கு அனுப்பியிருந்தாராம். பின்னர் அது இசையோடு ஒலித்தட்டாக வந்தபோது உரிய பெயர் கொடுக்கப்பட்டது. ஆனால் வாசித்த குரல் ஓர் ஆணினது. மேரி ஷ்மிக் 2012இல் புலிட்சர் பரிசு பெற்றார். இன்றும் அதை வொனெகட்டின் உரை என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய ஆண் சொன்னதென்றால் அறிவுரை, ஒரு பத்திரிகைக்காரி சொன்னதென்றால் வெறும் பத்தி. அனுப்பியவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்காமலே செய்ததுதான் யோசிக்க வேண்டிய விடயம்.

ஏர்மா பொம்பெக்கின் பெயரை அழிக்கவில்லை, வேறொன்றைச் செய்தார்கள். 1965 முதல் அமெரிக்க இல்லத்தரசிகளின் வாழ்வைப் பகிடியாக எழுதி வந்தவர் அவர். மீண்டும் ஒரு முறை வாழக் கிடைத்தால் வீட்டுத் துப்புரவுக்கு அஞ்சாமல் வாழ்ந்திருப்பேன் என்ற கருத்தில் 1979இல் ஒரு பத்தி எழுதினார். மேசையில் இருந்து எழுதிய பத்தி. மின்னஞ்சலில் அது "புற்றுநோயால் சாகப்போகிறார் என்று அறிந்ததும் எழுதியது" என்ற தலைக்குறிப்போடு வந்தது. அவர் இறந்தது 1996இல், சிறுநீரக மாற்றுச் சிகிச்சையின் பின். பாருங்கள், உயிரோடிருக்கும் ஒரு பெண் வீட்டு வேலையைப் பற்றிச் சலித்துக்கொண்டால் மதிப்பில்லை. அவளையும் சாக வைத்தால்தான் சிந்தனைக் கதை ஆகிறது.

எங்கள் கோவையில் ஹொலண்ட் பயணம் என்ற பக்கமும் பெயரின்றியே இருந்தது. இத்தாலிக்குப் போக ஆயத்தமானவரின் விமானம் ஹொலண்டில் இறங்கிவிடுகிறது. ஏமாற்றம்தான், ஆனால் அங்கும் பார்ப்பதற்கு உண்டு. மாற்றுத்திறனுள்ள பிள்ளையைப் பெற்ற தாயின் மனநிலைக்கு அது உவமை. எமிலி பேர்ல் கிங்ஸ்லி என்ற சிறுவர் தொலைக்காட்சி எழுத்தாளர், டவுண் சிண்ட்ரோமோடு பிறந்த தன் மகனை வளர்த்த அனுபவத்திலிருந்து 1987இல் எழுதியது. இப்போது அந்தத் தாளின் கீழ் அவருடைய பெயரைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். பெற்றோர் குழுவில் இதை வாசித்தபோது ஒரு தாய் சொன்னார்: "ஹொலண்டிலை எண்டாலும் ரோட்டு இருக்குமெல்லோ. எங்களுக்குப் பிளேன் இறங்கின இடத்திலையிருந்து கிளினிக்குக்கு மூண்டு பஸ் மாற வேணும்." கிங்ஸ்லி அம்மையார் இதைக் கேட்டிருந்தால் கோபித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இப்போது மின்னஞ்சலில் கதை அனுப்புவோர் அரிது. எல்லாம் வட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. எங்கள் கோவையிலுள்ள அதே ஒற்றைக்கண் தாய் இப்போது பின்னணி இசையோடும் குரலோடும் வருகிறாள். கூடவே, பெயரில்லாமல் வருவதை நம்பும் பழக்கமும் வந்துவிட்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு உணவுக்கடையில் பெண்களை மலடாக்கும் மாத்திரையைச் சாப்பாட்டில் கலக்கிறார்கள் என்று கதை பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. மார்ச்சில் திகன வன்முறையின்போது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. 2019 ஜனவரியில் வட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் கடத்த முடியாதவாறு உலகெங்கும் மட்டுப்படுத்தியது. ஒற்றைக்கண் தாயும் மலட்டு மாத்திரையும் ஒரே வழியால்தான் எங்கள் கைக்கு வருகின்றன. இரண்டிலும் பேசப்படுவது பெண்ணின் உடம்பு. "இதை யார் சொன்னது?" என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

சென்ற வருடம் எங்கள் குழுவில் ஒரு யோசனை வந்தது. எவரோ எழுதியதை இவ்வளவு காலம் வாசித்தோம், எங்களுடையதை ஒரு தடவை அனுப்பிப் பார்ப்போம் என்று. அப்பம் சுட்டு விற்கும் ஓர் ஆச்சியின் கதையைத் தெரிவுசெய்தார்கள். அது நடந்த கதை. முதியோர் கல்வி வகுப்பில் அறுபத்திரண்டாவது வயதில் கையெழுத்து வைக்கப் பழகியவர் அவர். நுண்கடன் கொடுக்கும் ஒருவர் பத்திரத்தோடு வீட்டுக்கு வந்தபோது, ஆச்சி பெருவிரலை மைப்பெட்டியில் ஒற்றினாராம்.

"ஏன் ஆச்சி, நீங்கள் கையெழுத்து வைக்கப் பழகினீங்கள் தானே?"

"பழகினனான் தம்பி. என்ரை பேரை எழுதப் பழகினது என்ரை காசு எடுக்க. இது மோன்ரை மோட்டச்சைக்கிள் கடன். அதுக்கு என்ரை பெருவிரல் காணும்."

ஆச்சியின் பெயர், ஊர் எல்லாம் போட்டு, குழுவிலிருந்த பிள்ளைகள் தட்டச்சுச் செய்து அனுப்பினார்கள். (இங்கே பெயர் போடவில்லை. இந்த முறை ஆச்சியே வேண்டாம் என்றுவிட்டார். கடன்காரர்கள் இந்தச் சஞ்சிகையை வாசிப்பார்களாம்.) ஐந்து கிழமை கழித்து, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் எனக்கொரு "சிந்தனைக் கதை" அனுப்பியிருந்தார். சீன தேசத்தில் ஒரு வயோதிப விவசாயி, அவரிடம் வரும் ஒரு செல்வந்த வணிகர், பெருவிரல், அதே பதில். கீழே தடித்த எழுத்தில், "ஆகவே நண்பர்களே, பிறருக்காகக் கடன்படாதீர்கள்."

அடுத்த கூட்டத்தில் அதை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தச் சீனாக்காரன்ரை மோனும் கடன் கட்டேல்லையாமோ, பிள்ளை?" என்றார்.